தகவல் பெறுபவர்

மாரீஸ்வரியின் முட்டி முதன்முதலாகப் பேசியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு. அதைக் கேட்டது மாரீஸ்வரி அல்ல, அவளுடைய வீட்டுக்காரர் கதிரேசன். அந்த நேரத்தில் அவர் ஓர் ஆட்டோவின் தலையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றின் ஒரு நுனி பல்லுக்கிடையில் இருந்தது. சட்டைப்பையில் கிடந்த போன், அவர் அதுவரை கேட்டிராத ஒரு மணியை அடித்தது. எடுத்துப் பார்த்தார். கயிறு வாயிலிருந்து நழுவியது, ஸ்பீக்கர் சரிந்து ஆட்டோவின் கண்ணாடியில் இடித்தது.

"திருமதி மாரீஸ்வரி, வலது முட்டி. மூட்டுக்குள் கிருமிகள் கூடத் தொடங்கியதற்கான அறிகுறி. உடனே மருத்துவமனைக்கு அழைத்து வரவும். அதிகபட்சக் காலக்கெடு 21 நாள்."

அன்றைய தேதியிலிருந்து பதின்மூன்றாம் நாள் நகராட்சித் தேர்தல். கோவில்பட்டியில் பத்தொன்பதாவது வார்டுக்குச் சுயேச்சையாக நிற்பவள் இதே மாரீஸ்வரிதான். சின்னம் தையல் மிஷின்.

பேசும் செயற்கை முட்டி என்றால் இன்றைக்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை, தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கிறார்கள். கதிரேசனுக்கே இடது காலில் ஒன்று உண்டு, ஆறு வருஷமாக. மாரீஸ்வரிக்கு வைத்து மூன்று வருஷம். தனக்கு வைத்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் உட்கார்த்தி வைத்துப் பாடம் நடத்தியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"கிருமி ஒண்ணு ரெண்டு இருந்தா ஒண்ணும் பண்ணாது சார். கூட்டம் சேந்ததும் அதுங்க ஒண்ணுக்கொண்ணு குரல் குடுக்கும். 'நாம இத்தனை பேர் வந்துட்டோம், கூரை போட்டுறலாம்'னு. அப்புறம் உலோகத்து மேல பிசின் மாதிரி ஒரு கூரை போட்டு உள்ள உக்காந்துக்கும். கூரை போட்டாச்சுன்னா எந்த மருந்தும் உள்ள போகாது. இந்த முட்டி அதுங்க பேசுறதை ஒட்டுக் கேட்டு, கூரை போடுறதுக்கு முன்னாடியே சொல்லிரும்."

"யாருக்குச் சொல்லும்?"

"அதுக்குத்தான் சார் இந்தப் படிவம்."

படிவத்தில் 'தகவல் பெறுபவர்' என்று ஒரு கட்டம். வெளிநாட்டில் செய்தி முட்டிக்காரரின் போனுக்கே போகும். இங்கேயும் முதலில் அப்படித்தான் விட்டார்கள். ஆறே மாதத்தில் ஊரெல்லாம் ரகளை. நோயாளியிடம் நேராகச் சொல்லலாமா, நாங்கள் எதற்கு இருக்கிறோம் என்று மகன்களும் மருமகன்களும் ஆஸ்பத்திரி வாசலில் சண்டைக்கு வந்தார்கள். நம் ஊரில் டாக்டர் எப்போதும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்வது நோயாளியையா, கூட வந்தவரையா? முட்டி மட்டும் என்ன விதிவிலக்கு! கடைசியில் அரசாங்கமே விதி போட்டது. செய்தி உறவினர் ஒருவருக்குத்தான். அவரைத் தாண்டி டாக்டர்கூட நோயாளியிடம் வாய் திறக்கக் கூடாது. வேண்டுமென்றால் அந்தக் கட்டத்தில் தன் பெயரையே எழுதிக்கொள்ளலாம். ஆனால் யாரும் எழுதுவதில்லை. தன் பெயரைத் தானே எழுதுகிறவருக்கு நாதியில்லை என்று அர்த்தம்.

மாரீஸ்வரி தன் முட்டிக்கான படிவத்தைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "அவர் பேரைப் போடுங்க. வந்தா என்கிட்ட சொல்லிருவார்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். கதிரேசனுடைய படிவத்தில் அவள் பெயர் அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்பே ஏறியிருந்தது.

சரி, செய்தி வந்தாயிற்று. நேரே வீட்டுக்குப் போய், "ஏ ஈஸ்வரி, கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று சொல்ல வேண்டியதுதானே? கதிரேசன் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஐந்து வருஷம் பின்னால் போக வேண்டும்.

போன தேர்தலிலும் மாரீஸ்வரி மனு கொடுத்திருந்தாள். இருபத்தெட்டு வருஷம் அங்கன்வாடியில் அந்த வார்டுப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தவள், எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீருக்காகக் கமிஷனர் அறை வாசலில் குடத்தோடு உட்கார்ந்தவள், நின்றால் ஜெயிப்பாள் என்று எதிர்க்கட்சிக்காரர்களே பேசிக்கொண்டார்கள். வாபஸ் வாங்கக் கடைசி நாள் மத்தியானம், யாரிடமும் சொல்லாமல் போய் வாபஸ் வாங்கிவிட்டு வந்தாள். கேட்டால் ஒரே பதில். "பயமாயிருந்துச்சு. விட்டுட்டேன்."

கதிரேசனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. முப்பது வருஷமாக மைக் செட் வைத்து, ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் "வாக்களிப்பீர் வாக்களிப்பீர்" என்று தொண்டை கிழியக் கத்திய மனிதர். சொந்தப் பெண்டாட்டி பேரைச் சொல்ல ஒரு வாய்ப்பு வந்தது, அதையும் அவள் கெடுத்தாள். அந்த ஆத்திரத்தில் அவளுக்கு 'வாபஸ் மெம்பர்' என்று பேர் வைத்தார். டீக்கடையில் சொன்னார், கல்யாண வீட்டில் சொன்னார், மகள் ஓசூரிலிருந்து வந்தபோது மருமகன் முன்னால் சொன்னார். குழம்பில் உப்பு கூடினால், "வாபஸ் மெம்பர், இதையும் வாபஸ் வாங்கிக்கோ" என்பார். அவள் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துப் போவாள்.

இந்த முறை அவளாகவே வந்து, "நிக்கட்டுமா?" என்று கேட்டாள். கதிரேசன் கேலியை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தலைகீழாக வேலை பார்த்தார். ட்ரோனில் பறக்கும் ஸ்பீக்கர்களுக்குத் தடை வந்ததிலிருந்து மைக் செட்டுக்கு மறுபடி மவுசு. தன் குரலிலேயே பதிவு செய்து மூன்று ஆட்டோ விட்டிருந்தார். ஜனங்கள் கையசைத்தார்கள். இந்த நேரத்தில் அவளை ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டால் கதை முடிந்தது. ஊர் மறுபடி சிரிக்கும்.

இருபத்தொரு நாள் கெடு இருக்கிறதே என்று நினைத்தார். கரண்ட் பில்லை என்றைக்காவது முதல் நாளே கட்டியிருக்கிறாரா? தேர்தல் முடிந்த மறுநாள் கூட்டிப் போனாலும் ஏழு நாள் கையில் மிச்சம். கணக்கு அவருக்குச் சரியாகத்தான் தெரிந்தது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மத்தியானம் மெடிக்கல் கடை செல்லப்பாவிடம் போனார்.

"ஒரு ஆளுக்கு வச்ச முட்டியில லேசாக் கிருமியாம். பத்துப் பதினைஞ்சு நாள் தாங்கிற மாதிரி ஏதாவது குடேன்."

"யாருக்கு?"

"தெரிஞ்ச ஆளுக்கு."

"கிருமி மருந்தெல்லாம் சீட்டு இல்லாமக் குடுக்கக் கூடாதுண்ணே. மேல கேமரா இருக்கு, பாருங்க." சொல்லிக்கொண்டே செல்லப்பா குனிந்தார், நிமிரும்போது கையில் ஓர் அட்டை இருந்தது. "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அஞ்சு நாள். உங்களுக்காகத் தர்றேன். நான் குடுத்ததாச் சொல்லிராதீங்க."

காலையில் டீயோடு அதைக் கொடுத்தபோது மாரீஸ்வரி கேட்டாள். "என்ன மாத்திரை?"

"கால் வலிக்கு. இத்தனை தெரு அலையுற, வேணாமா?"

"அடேயப்பா, என்ன கரிசனம்!" என்று அவள் வாயில் போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அடுத்த செய்தி வந்தது. "அறிகுறி குறைந்துள்ளது. இதைக் குணமாகக் கொள்ள வேண்டாம். உடனே அழைத்து வரவும்." கதிரேசன் முதல் இரண்டு வார்த்தையைப் படித்தார். அதோடு போனைப் பையில் போட்டுவிட்டு, செல்லப்பா கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டார்.

மாரீஸ்வரி ஓட்டுக் கேட்கிற விதமே தனி. வாசலில் நின்று கும்பிடு போட்டுவிட்டு நகர மாட்டாள். ஒவ்வொரு வீட்டுக்கும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போவாள், அடுப்படி வரை போவாள், தண்ணீர் பிடித்து வைத்த டிரம்மை எட்டிப் பார்ப்பாள். மறுபடி செருப்பு, மறுபடி அடுத்த வீடு. ஒரு கட்டத்தில் சலித்துப்போய், செருப்பை ஆட்டோவிலேயே போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தது. மஞ்சள் தடவிக்கொண்டாள்.

ஓட்டுக்கு நாலு நாள் முன்பு, மூப்பனார் தெரு முக்கில் ஆட்டோவில் உட்கார்ந்து மோர் குடிக்கும்போது சேலையை லேசாகத் தூக்கி முட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, இது கொஞ்சம் சூடா இருக்கிற மாதிரி இருக்கே. உங்களுக்கு ஏதும் மெசேஜ் வந்துச்சா?"

மைக் கையில் இருந்தது. வாயில் பொய் தயாராக இருந்தது. பாவி மனுஷன், ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

"வந்தா சொல்ல மாட்டேனா? வெயில்ல நடந்தா முட்டி சூடாகாம ஐஸாவா இருக்கும்?"

"அதுவும் சரிதான். வந்திருந்தாத்தான் சொல்லியிருப்பீங்களே" என்று அவள் மோர் டம்ளரைக் கவிழ்த்து உதறிவிட்டு இறங்கி நடந்தாள். லேசாக நொண்டினாள். கதிரேசன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்தார்.

நாற்பத்தோரு ஓட்டு வித்தியாசத்தில் மாரீஸ்வரி ஜெயித்தாள். ஓட்டுப் போட்ட மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாகத்தான் கதிரேசனின் திட்டம். எண்ணிக்கை முடியட்டும் என்று இன்னும் மூன்று நாள் தள்ளினார். எண்ணிக்கை அன்று மாலையைக் கழுத்தில் வாங்கியவள் இரண்டாவது மாலைக்குக் கழுத்தை நீட்டவில்லை. அப்படியே அவர் தோளில் சாய்ந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. சேலைக்கு மேலாகவே முட்டி வீங்கித் தெரிந்தது. வெடி போட்டுக்கொண்டிருந்தவர்கள் பயந்துபோய் நிறுத்தினார்கள். கெடுவில் இன்னும் ஐந்து நாள் பாக்கி இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிலோபர் என்று ஒரு புதுப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று மணி நேரம் கழித்து ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்து, கதிரேசனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"முட்டியை எடுத்துட்டோம் சார். இப்போதைக்கு மருந்து கலந்த சிமெண்ட் கட்டி வச்சிருக்கோம். ஆறு வாரம் ஊசி மருந்து போகணும். அப்புறம்தான் அடுத்தது என்னன்னு சொல்ல முடியும்."

"மறுபடி புது முட்டி வச்சிரலாம்ல டாக்டர்?"

"எலும்பு வரைக்கும் அரிச்சிருக்கு. கிருமி மருந்துக்குப் பழகியும் போச்சு. பாப்போம். முடியலைன்னா காலை நீட்டின வாக்கிலேயே கம்பி போட்டு ஒட்ட வைக்கணும். நடப்பாங்க. ஆனா மடக்க முடியாது."

டாக்டர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"முதல் செய்தி பதினாறு நாளைக்கு முன்னாடி போயிருக்கு. அன்னைக்கே வந்திருந்தா உள்ள திறந்து கழுவி, நடுவுல இருக்கிற பிளாஸ்டிக்கை மட்டும் மாத்தி, மூணு மாசம் மாத்திரை குடுத்திருப்போம். முக்கால்வாசிப் பேருக்கு அதுலயே சரியாயிரும், முட்டியை எடுக்கவே வேண்டியிருக்காது. மூணாம் நாள் சத்தம் குறைஞ்சிருக்கு. ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"அஞ்சு நாள் மாத்திரை. கடையில வாங்கினேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அரைகுறையா மருந்து விழுந்ததும் அதுங்க பேசுறதை நிறுத்திருச்சுங்க சார். சாகல. வாயை மூடிக்கிட்டு உள்ள கூரை போட்டுக்கிட்டு இருந்திருக்கு. முட்டி பாவம், பேச்சு இருந்தாத்தானே ஒட்டுக் கேக்கும்?"

"கெடு இருபத்தொரு நாள்னு போட்டிருந்துச்சே..."

"உடனேன்னும் போட்டிருந்துச்சே."

டாக்டர் ஏதோ எழுதத் தொடங்கி, பாதியில் கேட்டார். "வீட்ல வேற யாருக்காவது முட்டியில கிருமி வந்திருக்கா?"

"இல்லைங்க. எனக்கும் முட்டி இருக்கு, இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் வந்ததில்லை."

"ஆனா உங்க பேர்ல பதிவு இருக்கே. இடது முட்டி, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, பிப்ரவரி. செய்தி போன மறுநாளே உங்களைக் கூட்டிட்டு வந்து சேத்திருக்காங்க. கழுவியாச்சு, முழுக்குணம்னு எழுதியிருக்கு. தகவல் பெற்றவர்..." டாக்டர் அங்கே நிறுத்தினார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவர் முகத்தில் தெரிந்தது. "உங்களுக்குத் தெரியாதா?"

பிப்ரவரி. போன தேர்தல். கதிரேசனுக்கு ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. வாபஸ் வாங்கிய மறுநாள் காலை மாரீஸ்வரி அவரைக் கிளப்பிய கிளப்பு. "முட்டியில வாஷர் தேஞ்சிருச்சாம். இந்த மாடல் வச்ச எல்லாருக்கும் இலவசமா மாத்தித் தர்றாங்களாம், வாங்க." பத்து நாள் ஆஸ்பத்திரி. வாஷர் மாற்ற எதற்குப் பத்து நாள் என்று அவர் கேட்டதாகக்கூட நினைவில்லை. அப்புறம் மூன்று மாதம், விடிந்ததும் விடியாததுமாக எழுப்பி வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை கொடுப்பாள். எலும்புச் சத்து என்பாள். ஒன்றுக்குப் போனால் ஆரஞ்சு நிறத்தில் போகும். பயந்து கத்தினால், "சத்து மாத்திரைன்னா அப்படித்தான் போகும், சும்மா இருங்க" என்பாள். அந்த மூன்று மாதமும் அவளைத்தான் அவர் வாபஸ் மெம்பர் என்று கூப்பிட்டார். மாத்திரையை அவள் கையிலிருந்து வாங்கி விழுங்கிக்கொண்டே கூப்பிட்டார்.

"அவளும் என்கிட்ட சொல்லல" என்றார், யாரோ பேசுவது போல.

"ஆமா. அவங்களும் மறைச்சிருக்காங்க. எனக்கு அதுவும் பிடிக்கல சார். உடம்பு ஒருத்தரோடது, சேதி இன்னொருத்தருக்கு, இது என்ன நியாயம்?" டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "விதிப்படி உங்க மனைவிகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அவங்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கதான். சொல்லிருங்க."

சொல்லிவிடுவதாகத்தான் தலையாட்டினார். மயக்கம் தெளியட்டும் என்று ஒரு நாள், காய்ச்சல் இறங்கட்டும் என்று நாலு நாள், பதவிப் பிரமாணம் முடியட்டும் என்று ஒரு வாரம். சக்கர நாற்காலியில் போய் மாரீஸ்வரி உறுதிமொழி எடுத்தாள், நீட்டிய காலின் மேல் நகராட்சிக்காரர்கள் ஒரு சால்வையைப் போர்த்தினார்கள். இப்படியே ஆறு வாரம் போனது. எந்தக் காரியத்தையும் கடைசித் தேதிக்குத் தள்ளுகிற மனிதருக்கு இதில் கடைசித் தேதியே யாரும் போடவில்லை. தினமும் காலையில் அவளுக்குத் தலை வாரிவிட்டார், கஞ்சி ஆற்றிக் கொடுத்தார். அவள் "நீங்க இவ்வளவு செய்வீங்கன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே படுத்திருப்பேன்" என்று சிரித்தபோது குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதார்.

ஆறு வாரம் கழித்துத் திறந்து பார்த்தார்கள். புது முட்டி உட்காரும் அளவுக்கு எலும்பு தேறவில்லை. தொடையிலிருந்து கணுக்கால் வரை ஒரே கம்பியாகப் போட்டு ஒட்டினார்கள். இனி அந்தக் கால் மடங்காது.

நாலாம் நாள் காலை மாரீஸ்வரி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் ஒரு பலகையை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். கதிரேசன் ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதுற?"

"மனு. கலெக்டருக்கு ஒண்ணு, சுகாதாரத் துறைக்கு ஒண்ணு. கேளுங்க, சரியா இருக்கான்னு பாப்போம்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். "எனக்குப் பொருத்தப்பட்ட முட்டி, கிருமி தாக்கியதை அறிவிக்கவே இல்லை. என் கணவர் போனை எந்நேரமும் கையில் வைத்திருப்பவர். அவருக்கு ஒரு செய்திகூட வரவில்லை. எனது வார்டில் மட்டும் அறுபத்திரண்டு பேர் இதே முட்டியை வைத்திருக்கிறார்கள். எனக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேரக்கூடாது. எனவே எல்லா முட்டிகளையும்..."

"ஈஸ்வரி."

"இருங்க, முடிக்கல. டாக்டர்கிட்ட கேட்டேன், வாயே திறக்க மாட்டேங்குறாங்க. உங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. கம்பெனிக்காரனுக்குப் பயப்படுறாங்க போல. நான் கவுன்சிலர், நான் எதுக்குப் பயப்படணும்?"

"ஈஸ்வரி, அதைக் கிழிச்சிரு. மெசேஜ் வந்துச்சு."

பேனா நின்றது.

"எப்ப?"

கதிரேசன் கத்தியைத் தட்டில் வைத்தார். "ஓட்டுக்குப் பதிமூணு நாள் முன்னாடி. செவ்வாய்க்கிழமை. ஆட்டோவுல ஸ்பீக்கர் கட்டிக்கிட்டிருந்தேன்."

மாரீஸ்வரி சன்னலைப் பார்த்தாள். உதடு அசைந்தது. நாட்களை எண்ணுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"அப்ப மூப்பனார் தெருவுல நான் கேட்டப்ப..."

"தெரியும். தெரிஞ்சுதான் வரலைன்னு சொன்னேன்."

"அந்த மாத்திரை?"

"செல்லப்பா கடையில வாங்கினது. கால் வலி மாத்திரை இல்ல." அதற்கு மேல் அவரால் நிறுத்த முடியவில்லை. "நீ ஜெயிக்கணும்னுதான் நினைச்சேன். இல்ல, அதுவும் பொய். நான் ஜெயிக்கணும்னு நினைச்சேன். மறுபடி ஊர்ல எவனும் சிரிச்சிரக் கூடாதுன்னு நினைச்சேன். உன் காலை நினைக்கல. இந்தப் பாவத்தை எங்க கொண்டு போய்க் கரைப்பேன்?"

அவள் மனுவை நாலாக மடித்தாள். மடித்ததை இன்னும் ஒருமுறை மடித்தாள்.

"எனக்கும் வந்ததாமே" என்றார் கதிரேசன். "பிப்ரவரியில. வாஷர் இல்லையாமே அது."

மாரீஸ்வரி முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினாள். "டாக்டர் சொல்லிட்டாங்களா?"

"ஆரஞ்சுக் கலர்ல போச்சே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீங்க தூங்குவீங்களா? ஊசிக்கே ஊரைக் கூட்டுற ஆளு. கால் போயிரும், கை போயிரும்னு ஒப்பாரி வச்சே செத்திருப்பீங்க." மடித்த மனுவைத் தலையணைக்கடியில் செருகினாள். "மனு ஆபீஸ் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். சின்னம் குடுத்ததும் நோட்டீசு அடிக்கக் குடுக்கணும்னு. போன் அடிச்சுச்சு. படிச்சுட்டு அப்படியே உள்ள போய் வாபஸ் வாங்கிட்டேன். பத்து நாள் ஆஸ்பத்திரியில உங்ககூட யாரு இருப்பா? மக ஓசூர்ல நிறைமாசம்."

"வாபஸ் மெம்பர்னு கூப்பிட்டேனே ஈஸ்வரி. அஞ்சு வருஷம் கூப்பிட்டேனே."

"கூப்பிட்டீங்க."

"ஒருநாளாவது எதுத்துச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத் தோணுச்சு. எத்தனையோ நாள். மருமகன் முன்னாடி சொன்னீங்க பாருங்க, அன்னைக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா நீங்க நொந்து போவீங்கன்னு விட்டுட்டேன். தப்புப் பண்ணிட்டேன். அன்னைக்கே சொல்லியிருந்தா, அப்படி ஒரு சேதி வந்தா என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

திட்டியிருந்தால் கதிரேசன் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் நர்ஸ் இரண்டு படிவத்தோடு உள்ளே வந்தாள். சின்னப் பெண், காலை நேரத்து உற்சாகம் குறையாதவள்.

"மேடம், புதுக் கம்பியிலயும் அந்தக் கருவி இருக்கு. தகவல் பெறுபவர் பேர் எழுதித் தரணும். சார், உங்க முட்டிக்கும் இந்த மாசம் புதுப்பிக்கணும், பாத்தேன். ரெண்டையும் சேத்தே குடுத்துருங்க. பழைய பேரே போட்டுக்கிறலாமா?"

கதிரேசன் நிமிரவில்லை. மாரீஸ்வரி படிவத்தை வாங்கிப் பலகையில் வைத்தாள். இந்தத் தடவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள். கட்டத்துக்கு வந்ததும் பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு தன் பெயரை எழுதினாள். பக்கத்தில் 'உறவுமுறை' என்று இருந்த இடத்தில் 'நானே' என்று எழுதினாள்.

நாதியில்லாதவர்கள் எழுதுகிற எழுத்து. கதிரேசன் அதைத் தலைகீழாகவே படித்தார்.

மற்ற படிவம் அவர் கைக்கு வந்தது. அவள் பெயரை எழுத அவருக்கு என்ன தகுதி இருக்கிறது? தன் பெயரை எழுதலாமா, இல்லை ஓசூரிலிருக்கும் மகள் பெயரை எழுதலாமா என்று பேனாவை உருட்டினார்.

"உங்களுதுல என் பேரே இருக்கட்டும்" என்றாள் மாரீஸ்வரி. அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, காலைப் பார்த்துச் சொன்னாள். "வந்தா, இந்தத் தடவை உங்ககிட்ட சொல்லிருவேன்."

கதிரேசன் எழுதினார். கண்ணீர் விழுந்து ஓர் எழுத்து கலைந்தது, அதன் மேலேயே திரும்ப எழுதினார்.

நர்ஸ் இரண்டையும் வாங்கி அடுக்கினாள். இரண்டிலும் ஒரே பெயர் இருப்பதைப் பார்த்ததும் அவள் நெற்றி சுருங்கியது.

"சார், தப்பா எழுதிட்டீங்களா? மேடமோட படிவத்துல உங்க பேருல்ல வரணும்?"

"இல்லம்மா" என்றார் கதிரேசன். "சரியாத்தான் இருக்கு."